மஞ்சள் விளக்குக்கு ஒரு பொட்டு

சாவியைத் திருகிவிட்டு மங்கையர்க்கரசி அக்கா ஸ்டியரிங்கின் இடைவெளியில் கையை நுழைப்பார். வேகமுள் ஆடும் மீட்டர் கண்ணாடியின் மேல் அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதன் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்ப்பார். அடியில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். “எரியிறியா? எரி, நல்லா எரி” என்று அதனிடம் சொல்லிவிட்டுப் பொட்டைப் பழையபடி அமுக்கி ஒட்டுவார். அதற்கப்புறம்தான் பெல்ட் போடுவது, கண்ணாடியைச் சரிசெய்வது எல்லாம்.

என்ஜினில் கோளாறு என்று சொல்லும் விளக்கு அது. கார் வாங்கிய இரண்டாம் வருடம் எரிய ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் மூன்று முறை அணைத்துக் கொடுத்தார்கள். மூன்று முறையும் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. ஓட்டும்போதெல்லாம் கண்ணை உறுத்துகிறது என்று அக்கா புலம்பப் போக, தீவின் வடக்கே ரங்கத் என்ற ஊரில் வேலை பார்க்கும் அவர் கணவர் நந்தகுமார் போனில் சொன்ன வைத்தியம்தான் இந்தப் பொட்டு. அவர் விளையாட்டுக்குச் சொன்னார். அக்கா செய்துவிட்டார்.

எனக்கும் அவருக்கும் குட்வில் எஸ்டேட்டில் அடுத்தடுத்த வீடு. வேலையும் ஒரே இடத்தில், கப்பல் ஏறும் ஜெட்டியில். எனக்கு டிக்கெட் கவுண்டர், அவருக்கு மைக். காலையில் அவர் காரில்தான் போவேன். அந்தக் காரில் ஏறுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: பேசக் கூடாது. ரேடியோ கிடையாது, ஏசி கிடையாது. கண்ணாடியை இறக்கிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுவார். ஒருநாள் எனக்கு இருமல் வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, “தம்பி, நீயா, அதுவா?” என்று கேட்டார். நான்தான் என்று ஒத்துக்கொண்ட பிறகே வண்டி நகர்ந்தது.

கப்பல் புறப்படும் நேரங்களை இந்தி, பெங்காலி, தமிழ் மூன்றிலும் அறிவிப்பது அக்காவின் உத்தியோகம். ஐம்பத்தாறு வயதிலும் அந்தக் குரலில் ஒரு கீறல் இல்லை. ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத் என்று தினமும் நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றி அனுப்புகிறவர், தான் மட்டும் ஏறமாட்டார். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே குமட்ட ஆரம்பித்துவிடும். “எங்க தாத்தா மெயின்லாண்ட்ல இருந்து வாந்தி எடுத்துக்கிட்டேதான் இங்க வந்து எறங்குனாராம். அவரு சேத்து வச்ச சொத்துல எனக்கு வந்தது அது ஒண்ணுதான்” என்பார். குடும்பம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தது. பேச்சு இன்னும் அந்தப் பக்கம்தான், நடுநடுவே தீவின் இந்தி.

நந்தகுமார் அண்ணனுக்கு ரங்கத் பவர் ஹவுஸுக்கு மாற்றல் வந்து ஐந்து வருடமாகிறது. முதல் வருடம் அக்கா பஸ்ஸில் போய்வந்தார். அந்தச் சாலையின் குழிகளில் குலுங்கிக் குலுங்கி முதுகில் தட்டு விலகியது. பஸ்ஸில் ஏறவே கூடாது, கிளட்ச் மிதிக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். ஆகவே ஆட்டோமேட்டிக் கார். சென்னையில் வாங்கிக் கப்பலில் வரவழைத்து, ஐம்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டார். மாதம் இரண்டு சனிக்கிழமை ரங்கத் போய்வருவது என்பது திட்டம். வண்டூர் கடற்கரைக்குப் போனது, காய்கறி வாங்கப் போனது, கல்யாணங்களுக்கெல்லாம் போனது. ரங்கத்துக்கு மட்டும் அந்தக் கார் போகவில்லை.

காரணம் ஒரு சத்தம். வண்டி சூடேறிய பின் ஏதாவது ஏற்றத்தில் அது வரும். வந்த கொஞ்ச நேரத்தில் கியர் நழுவி நடுரோட்டில் நின்றுவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மெக்கானிக் யாராவது ஓட்டிப் பார்த்தால் சத்தமே வராது. சமர்த்தாகப் போய்த் திரும்பும். குறை எதுவும் காணப்படவில்லை என்று எழுதிய காகிதங்கள் அக்காவிடம் ஒரு பைல் நிறைய இருக்கின்றன. வேறு வழியில்லாமல் அந்தச் சத்தத்தை வாயாலேயே போடப் பழகிக்கொண்டார். “சிர்ர்ர்ர்...” என்று நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஆரம்பித்து, ஒரு மூச்சு நிறுத்தி, “டொக்” என்று முடிப்பார். மைக்கில் பழகிய குரலல்லவா, அச்சு அசலாக இருக்கும். முதல்முறை கேட்டபோது நான் குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன்.

சென்னையில் இருக்கும் கம்பெனியின் புகார் எண்ணுக்குப் போன் செய்து அங்கேயும் போட்டுக் காட்டினார். மறுமுனையில் இருந்த பெண், “மேடம், லைன்ல ஏதோ டிஸ்டர்பன்ஸ் வருது” என்றாள்.

“டிஸ்டர்பன்ஸ் இல்லம்மா. அதான் கம்ப்ளைண்ட்டு.”

இங்கே சர்வீஸ் சென்டரில் பிரவீன்குமார் என்றொரு இளைஞன். மரியாதை தெரிந்தவன். முதல் முறை கியருக்கான பாகம் ஒன்றை வாரண்டியில் மாற்றித் தந்தான். அது கப்பலில் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. அடுத்த முறை சத்தம் வந்தபோது வாரண்டி முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. நாற்பதாயிரத்துக்கு மேல் என்றான். அன்று அக்கா மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“தேக்கோ பிரவீன், சென்னையில இருந்து வர்றப்ப கப்பல்ல இருபத்திமூணு நாளு கெடந்துச்சு. பார்ட்டு வரலன்னு ஒங்க ஷெட்டுல ரெண்டு மாசம் கெடந்துச்சு. ஓடாத வண்டிக்கு வாரண்டி மட்டும் எப்பிடிப்பா ஓடும்?”

“சிஸ்டம்ல அப்படித்தான் வருது மேடம்.”

“ஒங்க சிஸ்டத்துக்குக் கடலுன்னு ஒண்ணு இருக்கறது தெரியுமா, தெரியாதா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார். அந்த வருடத் தீபாவளிக்கு அதே பிரவீனுக்கு அதிரசமும் கொடுத்தனுப்பினார். “அவன் என்ன செய்வான், பாவம்? சம்பளத்துக்கு நிக்கிற புள்ள” என்றார். ஏழு மாதம் கழித்துச் சத்தம் மறுபடி வந்தது. புதிய பாகத்துக்கு உத்தரவாதம் ஆறு மாதம்தான்.

ஊருக்குள் வண்டி நின்றால் தள்ள நாலு பேர் வருவார்கள். ரங்கத் சாலையில் அது நடக்காது. ஜிர்க்காடாங் கேட்டில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, போலீஸ் காவலோடு சேர்த்து அனுப்புவார்கள். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. நடுவில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, முந்தக் கூடாது. துணிந்து போய்விடுங்களேன் என்று நான் ஒருதடவை சொன்னதற்கு அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அடுத்தவங்க வீட்டு வாசல்ல போயி வண்டியப் போட்டுக்கிட்டு நிக்கச் சொல்றியா?” என்றார். ஐந்து முறை அந்த கேட் வரை போயிருக்கிறார். ஐந்து முறையும் வழியில் எங்காவது சத்தம் கேட்டுவிடும். வரிசையில் நிற்காமல் வண்டியைத் திருப்பிவிட்டு, கணவருக்குப் போன் போட்டு “சிர்ர்ர்ர்... டொக்” என்பார். வேறு எதுவும் சொல்லமாட்டார். அந்தப் பக்கத்திலிருந்து, “சரி, பாத்துப் போ வீட்டுக்கு” என்று பதில் வரும்.

அண்ணன்தான் மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். ரங்கத் ஆபீஸில் இப்போது இருப்பவர்கள் பின்னால் மாற்றலாகி வந்தவர்கள், அக்காவைப் பார்த்ததே இல்லை. போன் ஸ்பீக்கரில் குரல் மட்டும் கேட்டிருக்கிறார்கள். ‘கப்பல் மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நந்தகுமாருக்கு நிஜமாகவே மனைவி இருக்கிறாளா, இல்லை ஜெட்டி அறிவிப்பைப் பதிவு செய்துவைத்துப் போட்டுக் காட்டுகிறாரா என்று கேலி வேறு. அக்கா இதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் போன மாதம் அண்ணனுக்கு ஓய்வு நாள் நெருங்கியபோது அந்தச் சிரிப்பு காணாமல் போய்விட்டது. வழியனுப்பு விழாவில் ஓய்வு பெறுகிறவர் பக்கத்தில் மனைவிக்கும் ஒரு நாற்காலி போட்டு, இரண்டு பேருக்கும் மாலை போடுவார்கள். “அந்தச் சேரு காலியாக் கெடந்துச்சுன்னா, இத்தன வருசமும் அந்த மனுசன் அங்க தனியாக் கெடந்ததுக்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆயிரும் தம்பி” என்றார்.

வண்டூர் சாலையில் விஜயன் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு பேரும் போனோம். தகரக் கொட்டகை. காரை ஏறெடுத்தும் பார்க்காமல், “என்ன சத்தம்?” என்று கேட்டார் விஜயன். அக்கா போட்டுக் காட்டினார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“சேச்சி, ஒருக்கா கூடி.”

மறுபடி போட்டார்.

“ஏசி போட்டா எப்படி?”

ஏசி போட்டால் வரும் சத்தத்தை அக்கா தனியாகப் போட்டார். நான்கு வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் இவர்தான். விஜயன் எழுந்து பானெட்டைத் திறந்து, பேட்டரித் தட்டைக் கழற்றி, அடியில் கையை விட்டு ஒரு வயரை வெளியே இழுத்தார். முனை பச்சையாகப் பூத்துப்போய், பாதி அறுந்திருந்தது. உப்புக் காற்று செய்த வேலை. “கரண்ட் ஒழுங்காப் போகல. கியர் பாவம், அது என்ன செய்யும்?” என்றார். வேறு வயர் போட்டார். நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அக்கா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “நியாயமா எனக்குச் சந்தோசம் வரணும் தம்பி. பத்திக்கிட்டுல்ல வருது” என்றார். பழைய வயரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போய் பிரவீன்குமார் மேசையில் வைத்தார். சண்டை வரப்போகிறது என்று நான் இரண்டடி தள்ளியே நின்றேன். பிரவீன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “மேடம், எங்க அப்பா வண்டியிலயும் இதே சத்தம்தான். அந்த விஜயன் கடை எங்க இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டான். அக்கா ஒரு காகிதத்தில் வழி வரைந்து கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவர் பொட்டை நெம்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அடியில் விளக்கு எரிகிறதா, அணைந்துவிட்டதா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. எனக்குக் கை பரபரத்தது. “தொடாத. எரிஞ்சுச்சுன்னா எனக்கு மனசு விட்டுரும். சரியாயிருச்சுன்னு எத்தன பேரு சொல்லிட்டாங்க!” என்று தடுத்துவிட்டார்.

விழா மாலை நான்கு மணிக்கு. என்னையும் லீவு போடச் சொல்லியிருந்தார். தள்ளுவதற்கு ஆள் வேண்டுமாம். “காட்டுல எறங்கப்படாது. கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்றதுக்கு” என்று விளக்கமும் கொடுத்தார். பட்டுப் புடவை, தலையில் பூ, மடியில் ஈரத் துண்டு. ஜிர்க்காடாங் வரை எந்தச் சத்தமும் இல்லை. கேட்டில் இருந்த போலீஸ்காரர் அக்காவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். “மேடம், ஆஜ் ஜாயேகா?” இன்றைக்காவது போவீர்களா என்கிறார். “தேக்கேகா பாய்” என்றார் அக்கா. பார்க்கலாம் தம்பி. வரிசை நகர்ந்தது. முதல்முறையாக அந்தக் கார் கேட்டைத் தாண்டியது.

காட்டுக்குள் இரண்டு பேரும் மூச்சுகூட அளவாகத்தான் விட்டோம். அக்காவின் கட்டைவிரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்துப்போயிருந்தன. பாதி வழியில் ஒரு நீண்ட ஏற்றம். உச்சிக்குக் கொஞ்சம் முன்பு “சிர்ர்ர்ர்” என்று கேட்டது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு டொக்குக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. சிர்ர்ர் மறுபடி வந்தது. அடுத்த திருப்பத்தில்தான் தெரிந்தது, முன்னால் போன லாரியின் பிரேக் அது. “அந்த லாரிக்காரன் நல்லா இருப்பான்” என்றார் அக்கா. எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

காடு முடியும் இடத்தில் மிடில் ஸ்ட்ரெய்ட் என்ற நீரிணை. அதைக் காரோடு படகில் ஏறிக் கடக்க வேண்டும். கொஞ்ச நேரப் பயணம்தான். அக்கா ஈரத் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடியபடி, சீட்டிலேயே சாய்ந்து கிடந்தார். அக்கரை சேர்ந்ததும் கணவருக்குப் போன் போட்டார். அண்ணன் எடுத்தவுடன் ஒன்றும் பேசவில்லை. எப்போதும் கேட்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார் போலிருக்கிறது.

“பாராட்டாங்” என்றார் அக்கா.

“எங்க?”

“பாராட்டாங் வந்தாச்சு. காரு, நானு, பக்கத்து வீட்டுத் தம்பி.”

அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்குக்கூடக் கேட்டது.

மூன்றரைக்கு ரங்கத் ஆபீஸ் முற்றத்தில் நுழைந்தோம். பந்தலுக்கடியில் நாற்காலிகள். முன்வரிசையில் துணி போர்த்திய இரண்டு. வெள்ளைச் சட்டையில் அண்ணன் எழுந்து நின்றார். “கப்பல் மேடம் வந்துட்டாங்க!” என்று யாரோ கத்த, பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நான் கதவைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. படகில் துண்டோடு போயிருக்கிறது. கைப்பையைக் கிளறினார். வேறு பொட்டு இல்லை.

ஒரு கணம் யோசித்தார். பிறகு ஸ்டியரிங்குக்குள் கையை விட்டு மீட்டர் மேல் இருந்த பொட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பி, முழுசாக உரித்தெடுத்தார். என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பொட்டு இருந்த இடத்தில் மஞ்சள் இல்லை, கறுப்பாகக் கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவியைத் திருகி என்ஜினை அணைத்துவிட்டு, பொட்டை நெற்றியில் வைத்தார். பசை போயிருந்தது. கட்டைவிரலால் இன்னொரு தரம் அழுத்திக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கினார்.