வெனிலா என்று எழுதிய டப்பா

போன ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலை எடுப்பதற்காக ஃபிரிட்ஜைத் திறந்து, மேலே ஃபிரீசரில் இருந்த ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஐஸ்கிரீம் இருந்தது. நம்பமாட்டீர்கள், எனக்குப் பகீரென்றது. வெனிலா என்று எழுதிய டப்பாவுக்குள் வெனிலாவே இருப்பதைப் பார்த்து ஒரு மனுஷி திகைத்து நிற்பாளா என்று என் கணவர் கேட்டார். அவருக்கென்ன தெரியும்? அவர் எங்கள் அம்மாவின் வீட்டில் வளர்ந்தவர் இல்லையே.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தட்டில் அந்த நாளில் ஐம்பது டப்பாவாவது இருக்கும். ஒன்றிலும் எழுதியிருந்தது இருக்காது. ஐஸ்கிரீம் டப்பாவில் நெத்தலிக் கருவாடு, ஜாம் போத்தலில் மிளகு, பால்மா டின்னில் பொத்தான்கள். எதில் எது என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். டப்பாவை எவ்வளவு கழுவினாலும் வெனிலா வாசம் போகாது. ஆகவே எங்கள் வீட்டு நெத்தலியிலும் அந்த வாசம் லேசாக வீசும். நெத்தலியின் வாசமே அதுதான் என்று நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்டி டவுனில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை கிடைத்த புதிது. வீட்டுக் கழிவைக் குறைப்பது பற்றி ஒரு நாள் கருத்தரங்கு, நீ போய் வா என்று அனுப்பினார்கள். வீசாதீர்கள், திரும்பப் பாவியுங்கள், வேண்டாததைத் தேவைப்பட்டவருக்குக் கொடுங்கள் என்று பகல் சாப்பாடு வரை சொல்லித்தந்தார்கள். பிறகு ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பும் பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீரும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அந்தப் போத்தலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். மறுநாள் காலையில் அதற்குள் நல்லெண்ணெய் இருந்தது.

எனக்கோ புதுஞானம் தலைக்கேறியிருந்தது. கோயில் இளைஞர் குழு அந்தச் சனிக்கிழமை ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குச் சாமான்கள் கொண்டுபோவதாக இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. கலர்ப் பென்சில், கோர்க்கிற மணி, சோக்குக்கட்டி எல்லாம் போட்டு வைக்க மூடியுள்ள டப்பா இருந்தால் நல்லது என்று அங்கிருந்த டீச்சர் கேட்டிருந்தார். நம் வீட்டில் டப்பாவுக்கா பஞ்சம்?

வெற்று டப்பாக்களைக் கண்டுபிடிக்க ஒரு விஞ்ஞான முறை வைத்திருந்தேன். காதருகே கொண்டுபோய்க் குலுக்குவது. சத்தம் வந்தால் சாமான் இருக்கிறது. சத்தம் வராவிட்டால் வெறும் டப்பா. திறந்து பார்த்திருக்கலாமே என்பீர்கள். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு டப்பாவைத் திறக்கப்போய்த் தலையெல்லாம் கோதுமை மாவாகி நின்றிருந்தேன். கனம் தெரியவில்லையா என்பீர்கள். அம்மாவும் பிறகு அதைத்தான் கேட்டாள்.

முப்பது டப்பாக்கள் போயின. கொடுக்கும்போது சின்னதாக ஒரு பேச்சும் பேசினேன். “இதுல உள்ள எல்லாமே புள்ளைங்களுக்குப் பிரயோசனப்படும், டீச்சர். எதையும் வீசிடாதீங்க.” எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு ஒரு தியாகி மாதிரி திரும்பி வந்தேன்.

இந்த இடத்தில் அப்பாவின் பல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணியும் பெயின்டும் விற்றவர். பல்லெல்லாம் கொட்டிப்போய், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்து கட்டுப்பல் கட்டியிருந்தார். ஆனால் வெளியே போனால்தான் மாட்டுவார். “வாய்க்குச் செருப்புப் போட்ட மாதிரி இருக்கு” என்று வீட்டு வாசலிலேயே செருப்போடு சேர்த்துக் கழற்றிவிடுவார். ஈரக் கைக்குட்டையில் சுற்றி, தட்டில் ஒரு டப்பாவில் வைப்பார். கைக்குட்டையில் சுற்றிய பல்லைக் குலுக்கினால் சத்தம் வருமா? நீங்களே சொல்லுங்கள்.

திங்கட்கிழமை காலை அப்பா தட்டில் கையை விட்டுத் துழாவினார். “என் பல்லு எங்க?”

அம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் வருகிற சனிக்கிழமை அக்காவின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வத்தேகமக்காரர்கள், கொஞ்சம் வசதியானவர்கள். அப்பாவுக்கு அவர்கள் முன் ஒரு கூச்சம், கட்டுப்பல் என்றே அவர்களுக்குத் தெரியக்கூடாதென்று எங்கள் எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். வரவேற்புரையும் அவர்தான். இரண்டு வாரமாகக் குளியலறைக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் இல்லாமல் அந்தப் பேச்சைப் பேசினால் முதல் வரிசையில் இருப்பவர்களுக்குக் குடை கொடுக்கவேண்டும்.

டீச்சருக்கு போன் எடுத்தால் மலையில் சிக்னல் இல்லை. அப்பாவும் நானும் பஸ் ஏறினோம். அப்பா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொண்டக்டருக்கு இரக்கம் வந்துவிட்டது. “பல்லு வலியா ஐயா? ஒரு கிராம்ப அடக்கி வைங்க, பறந்துரும்.” அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். தெல்தெனிய வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தோம். சொன்னால் சிரிப்பீர்கள். பத்தொன்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு பிரஷ், அதில் ரோஸ் நிறப் பற்பசை. டீச்சர் ராஜேஸ்வரி நடுவில் ஒரு கதிரையில் உட்கார்ந்து அப்பாவின் பல்லை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையாக வந்து அதை விளக்கிவிட்டுப் போகிறது.

“வாங்க வாங்க!” டீச்சருக்கு எங்களைக் கண்டதில் அத்தனை சந்தோஷம். “நீங்க அனுப்புனதுலயே இதாங்க மொதத் தரமான சாமான். இதுவரைக்கும் படத்தக் காட்டித்தான் பல்லு வெளக்கச் சொல்லிக் குடுத்தேன், ஒண்ணும் கேக்கல. சனிக்கிழமையே இதக் காட்டுனேன், நேத்து வீட்டுலயும் வெளக்குச்சுங்களாம். மறக்காம கைக்குட்டையில சுத்தியெல்லாம் அனுப்பியிருக்கீங்க!”

எதையும் வீசாதீர்கள் என்று பேசிய வாயால் எப்படித் திருப்பிக் கேட்பது? ஒருவழியாகச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தபோது அப்பா என் கையை அழுத்தினார். டீச்சர் இன்னொரு கதிரை போட்டார். அப்பா அதில் சிறப்பு விருந்தினர் மாதிரி உட்கார்ந்து, தன் பல் விளக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை கடைவாய்ப் பல்லை நாக்கைத் துருத்திக்கொண்டு தேய்த்ததில் அவருக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்து, துண்டு நழுவிவிட்டது.

“டீச்சர்! இந்தத் தாத்தாவுக்குப் பல்லே இல்ல!” என்றாள் முன்வரிசையில் ஒரு சின்னப் பெண்.

“ஏய், அப்படிச் சொல்லக் கூடாது.”

“இல்ல டீச்சர், நமக்குத்தான் சொந்தமா பல்லு இருக்கே. இதத் தாத்தாவுக்குக் குடுத்துருவோமா?”

டீச்சர் தர்மசங்கடமாக எங்களைப் பார்த்தார். பிள்ளைகள் “குடுப்போம், குடுப்போம்” என்று கத்தின. ஒரே ஒருவன் மட்டும் பிரஷை உயர்த்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். “நான் இன்னும் வெளக்கல்ல! என் மொற வரல்ல!”

“நீ வெளக்கிக் குடுப்பா. நான் இருக்கேன்” என்றார் அப்பா.

அவன் சாவகாசமாக விளக்கினான். அப்பா காத்திருந்தார். பிறகு டீச்சர் பல்லைக் கழுவி, எல்லாப் பிள்ளைகளும் கையை வைத்துத் தொட, அப்பாவிடம் கொடுத்தார். அப்பா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கி மாட்டிக்கொண்டார்.

டீச்சர் அசந்துபோனார். “கடவுளே! அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கே!”

அப்பா அந்தப் பல்லோடு சிரித்துக் கும்பிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா, “ஸ்ட்ராபெரி வாசன அடிக்குது” என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை கல்யாண மேடையில் அப்பா மைக்கைப் பிடித்தார். குளியலறையில் பழகிய பேச்சில் ஒரு வரிகூட வரவில்லை. “சம்பந்தி, ஒரு விசயம் சொல்லணும். என் வாயில இருக்கிறது புள்ளைங்க எனக்குக் குடுத்த தானம்” என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்லிவிட்டார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வத்தேகமக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று நான் முதல் வரிசையைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார், மேடைக்கு வந்தார், தன் மேல்வரிசையைக் கழற்றி உயர்த்திக் காட்டினார். அந்த போட்டோ இன்றைக்கும் அக்காவின் ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டு சம்பந்திகள், மொத்தம் மூன்று வரிசைக் கட்டுப்பல்.

அப்பா அதன்பிறகு வீட்டிலும் பல்லைக் கழற்றவில்லை. தானமாக வந்ததை டப்பாவில் போட்டு வைக்கலாமா என்பார்.

அவர் போன பிறகு ஆஸ்பத்திரியில் அந்தப் பல்லை அம்மாவிடம் கொடுத்தார்கள். அம்மா அதைக் கழுவி, கைக்குட்டையில் சுற்றி, ஒரு வெனிலா டப்பாவில் வைத்தாள். பிறகு என்னிடம் பேனா கேட்டாள். டப்பாவில் அம்மா எழுதி நான் பார்த்ததே இல்லை. மூடியின் மேல் கோணலாக ‘பிள்ளைகளுக்கு’ என்று எழுதி, “கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. அது அவங்க சாமான்” என்றாள். அன்றுதான் நான் அப்பாவுக்காக வாய்விட்டு அழுதேன்.

கொண்டுபோனேன். பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் உர மூட்டைகள். ராஜேஸ்வரி டீச்சர் மாற்றலாகி எங்கோ போய்விட்டாராம். டவுன் வேலைக்குப் போன குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போய்விட்டதாகப் பக்கத்து லயத்து வீட்டில் இருந்த ஓர் அம்மா சொன்னார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

இப்போது அம்மாவும் இல்லை. அந்தத் தட்டில் இருந்த டப்பாக்களை எல்லாம் உக்காத குப்பையென்று தனியாகக் கட்டிக் கொடுத்தாயிற்று. எங்கள் வீட்டு டப்பாக்களில் இப்போது எழுதியிருப்பதுதான் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அது என் அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் இருக்கிறது. குலுக்கினால் சத்தம் வராது. மாதம் ஒருமுறை எடுத்து, ஸ்ட்ராபெரி பற்பசை போட்டு நானே விளக்கி வைக்கிறேன். என் முறைதான் எப்போதும்.