துரு நிறமான சீடர் மரம்

ரொறன்ரோவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு வாசலில், வீட்டுக்கார அக்கா தொட்டியில் வளர்த்த யப்பான் சீடர் மரக்கன்று பனிக்காலத்தில் துரு நிறமாகிவிட்டது. ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தேன். தோடம்பழத் தோலின் ஆரஞ்சு மணம் வந்தது.

"தம்பி, உதுக்கு என்ன ஊத்தினீங்கள்?" என்று பின்னாலிருந்து கேட்டா வீட்டுக்கார அக்கா.

நுவரெலியாவில் அப்பா வேலியோரம் நட்ட சீடர்களும் இப்படித்தான் மணக்கும். முதல் தை மாதக் குளிரிலேயே அவை பழுப்பாயின. பக்கத்து வீட்டு முத்தையா மாமா உப்புத்தண்ணீர் ஊற்றிவிட்டார் என்று அப்பா அவரோடு பேச்சை நிறுத்தினார். பங்குனியில் மரங்கள் பச்சையாயின.

"பாத்தியா? பயந்து ஊத்துறதை நிறுத்திட்டான்," என்றார் அப்பா. சாகும்வரை மாமாவோடு பேசவில்லை.

"குளிருக்கு அப்படித்தான் அக்கா. பிறகு தானாகப் பச்சையாகும்," என்றேன் மெல்ல.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா.

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மறுநாள் தொட்டி அவவின் அறைக்குள் போய்விட்டது.