கண்ணாடியில் பதிந்த பெஞ்சு

சுகுமாறன் பொய்யே சொல்லாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அக்காவிடம் விடைபெறும்போது அவர் சொன்னதே பொய்தான். ஆனால் இது நடந்தது. போன மார்ச் மாதம், பட்டப்பகலில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில்.

அவருக்குப் பழைய டிவி, வீடியோ டெக் என்றால் உயிர். மூடிய ஃபேக்டரிகளின் சாமான்களை விற்கும் தம்புசாமியின் கடை ஷா ஆலமில் இருக்கிறது. ஞாயிறு தவறாமல் அங்கே போய்விடுவார். வாங்கியதையெல்லாம் அக்கா தனலெட்சுமியின் அறையில் அடுக்கினார். வீடே அக்கா வாங்கியதுதான். கல்யாணம் செய்துகொள்ளாமல், ஷிப்டு ஷிப்டாக வேலை பார்த்து, தம்பியைப் படிக்கவைத்தவள். பக்கவாதம் வந்து அவளுடைய இடது தோள் தொங்கியதும், கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார். பலகை ஒன்று பெயர்ந்த வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, "அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்க்கா" என்றார். பதினோரு மாதம் ஆகிவிட்டது. ஏன் வரவில்லை என்று இல்லத்திலிருந்தும் யாரும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டார்.

அந்த மார்ச் ஞாயிறன்று தம்புசாமி காட்டியது சின்னக் கறுப்பு வெள்ளை டிவி. ஏதோ ஒரு வாசலின் காவல் கேமராவோடு இணைத்திருந்தது. ஒரே படம் வருடக்கணக்கில் ஓடினால் கண்ணாடியிலேயே பதிந்துவிடும். அணைத்த பிறகும் மங்கலாகத் தெரியும். அசைவது எதுவும் அப்படிப் பதியாது. இதில் ஒரு கம்பிக் கதவும் பெஞ்சும் பதிந்திருந்தன.

ஒன்பது வருடமாகத் தன் கடையிலேயே கிடக்கிறது என்றார் தம்புசாமி. தூக்கி வண்டியில் வைக்கும்போது சிரித்தார்.

"வீட்டுல மனுசங்களுக்கு இடம் வச்சிருக்கீங்களா அண்ணே?"

மதியம் 2.10. டிவியை அக்காவின் கட்டிலில் வைத்தார். பிளக்கைச் சொருகவில்லை. துணியால் கண்ணாடியைத் துடைத்தார். பெஞ்சில் ஓர் உருவம் இருந்தது. கடையில் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார்.

2.40. உருவத்தின் இடது தோள் தொங்கியிருந்தது. பெஞ்சின் சாய்மானத்தில் ஒரு பலகை இல்லை. அந்தப் பெஞ்சு... அவருக்குத் தெரியும்.

3.05. பெஞ்சில் இரண்டு பேர்.

மறுபடி துடைத்தார். க்ரீச்... க்ரீச்... இரண்டாவது ஆள் ஆண். முன்வழுக்கை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

தன் முன்வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

இல்லத்துக்குப் போன் செய்தார். பராமரிப்பாளர் வீரம்மா எடுத்தார். தனலெட்சுமி எங்கே என்று இவர் கேட்டார்.

"வாசல்ல இருக்காங்க. தம்பி வந்திருக்காரு, பேசிக்கிட்டு இருக்காங்க. நீங்க யாரு?"

போனை வைத்துவிட்டார்.

4.12. கிள்ளான். வாசல் மேசையில் பார்வையாளர் பதிவேடு இருந்தது. பேனாவை எடுத்தார். வீரம்மா தடுத்தார்.

"இன்னிக்குத்தான் எழுதிட்டீங்களே அண்ணே. சட்டை மாத்திட்டு வந்தீங்களா?"

அக்கா பெஞ்சில் இருந்தாள்.

தனியாக.

உதட்டில் வடை எண்ணெய் மின்னியது. பக்கத்தில் உட்காரப் போனார். அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

"அங்க உக்காராதீங்க. தம்பி இருக்கான்."

"அக்கா... நான்தான். சுகு."

அவள் பக்கத்துக் காலியிடத்தின் பக்கம் திரும்பினாள். குனிந்து எதையோ கேட்டாள். தலையாட்டிக்கொண்டாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

"இல்லையாம்."

அதன்பின் ஒரு ஞாயிறும் அவர் தவறவில்லை. நின்றுகொண்டே பார்த்துவிட்டு வருவார். கடைசிவரை அக்கா அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டாள். ஜூனில் போய்ச் சேர்ந்தாள்.

அவளுடைய துணிமணிகளை வாங்கப் போன அன்றுதான் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். அவர் போகாத பதினோரு மாதங்களின் ஒவ்வொரு ஞாயிறும் அதில் இருந்தது. அவர் பெயர். அவர் அடையாள அட்டை எண். அவர் கையெழுத்து.

வந்த நேரம் எல்லா வரியிலும் இருந்தது.

போன நேரம்... ஒன்றில்கூட இல்லை.