நாக்கில் ஒட்டிய கரி

"நாக்கை நீட்டுங்கம்மா" என்றார் டாக்டர். நீட்டினேன். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. பூசையில் நன்மை வாங்கிப் பழகிய உடம்பு. மாதா கோயிலில் சாமியார் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பத்தை நாங்கள் நன்மை என்றுதான் சொல்வோம்.

நெய்வேலியில் இருந்த காலம், எனக்குப் பதிமூன்று வயது. பூசைக்கு முன் தண்ணீர் குடிக்கலாம் என்று சாமியாரே சொல்லியும், நான் எச்சிலைக்கூட விழுங்கமாட்டேன். ஒரு ஞாயிறு காலை கோயிலுக்கு நடக்கையில் காற்று கரித்தூசியை வாரி என் வாயில் போட்டது. பல்லில் நறநறத்தது. நன்மைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்கும் ஒருசந்தி முறிந்துவிட்டது என்று, நன்மைக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

நைட் ஷிப்ட் முடித்து, நிலக்கரி மைன்ஸிலிருந்து வெறும் வயிற்றோடு நேராகப் பூசைக்கு வந்திருந்த அப்பா வெளியே வந்ததும் கேட்டார்.

"ஏம்மா நீ நன்மை வாங்கப் போவல?"

"கரித்தூசிய முழுங்கிட்டேம்ப்பா. எதையாவது தின்னுட்டு ஆண்டவர வாங்குனா பாவம்."

அப்பா வேலியோரம் போய்க் காறித் துப்பினார். எச்சில் கறுப்பாக விழுந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப நானு வாரா வாரம் தின்னுட்டுதான் வாங்கிகினு இருந்தனா?"

நான் இல்லையென்று சொல்லவில்லை.

அடுத்த வருஷமே எனக்கு அந்தப் பிடிவாதம் விட்டுப்போய், நன்மை வாங்கத் தொடங்கினேன். அப்பா சாகும்வரை ஒரு பூசையையும் விடவில்லை. நன்மைக்கு மட்டும் அவர் எழுந்து போகவேயில்லை.

டாக்டர் டார்ச்சை அணைத்தார்.

"நாக்கு சுத்தமா இருக்கும்மா."