சூடு சொரணை

கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேரும்வரை, சூடு எனக்கு நல்ல சொல்லாகத்தான் இருந்தது. சூடான சோறு, சூடு பிடித்த வியாபாரம், பொன்னேரிப் பக்கத்து எங்கள் களத்தில் நெல்மணி உதிர அப்பா மாடு கட்டி அடித்த சூடு.

கம்பெனியில் என்னை, ரப்பரை வேகவைக்கும் ஓவன் முன்னால் நிறுத்தினார்கள். அதன் கதவுக் கொக்கி தளர்ந்திருந்தது. போட்டோ எடுத்து சூப்பர்வைசர் போனுக்கு அனுப்பினேன். "பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. மறுவாரமே கொதித்துக்கொண்டிருந்த கதவு தானாகத் திறந்து என் முழங்கையில் இடித்தது. தோல் வழன்றுவிட்டது.

'கேன்டீனில் வெந்நீர் கொட்டிக்கொண்டார்' என்று சூப்பர்வைசர் விபத்துப் பதிவேட்டில் எழுதினார். பதினைந்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பியபோது, எல்லோர் முன்னாலும் கேட்டார்: "மறுபடியும் அதே எடத்துல வந்து நிக்கிறியே, சூடு சொரணையே கெடையாதா உனக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். படத்தை அழிக்கவில்லை. யாரிடமும் காட்டவுமில்லை. அவர் தப்பவே முடியாத ஒரு நாள் வரட்டும் என்று காத்திருந்தேன்.

எட்டு மாதம் கழித்து அந்த நாள் வந்தது. அதே கதவு, பக்கத்தில் நின்று வேலை செய்த ஆந்திராப் பெண்ணின் கழுத்தைச் சுட்டது. விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். அன்று காலை சூப்பர்வைசரே டீ கொண்டுவந்து நீட்டினார்.

"சூடா குடிம்மா. கொக்கி நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

டீயை முழுசாகக் குடித்தேன். விசாரணை நடந்த அறைக்குள் போய் போனை மேசைமேல் வைத்தேன். அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இருந்த பதிலை வாய்விட்டுப் படித்தபோது, அங்கேயே நின்ற சூப்பர்வைசரின் முகம் வெளுத்தது. அதைப் பார்க்க இனித்தது. அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

வாசலில் என்னை நிறுத்தி, "இவ்ளோ நாளா மனசுல வச்சிக்கினு இருந்தியா?" என்றார்.

"ஆமா சார். சொரணை இருந்துச்சு."

அந்தப் பெண்ணைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லிப் படத்தைக் காட்டினேன். கட்டுப் போட்ட கழுத்தைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது முன்னாடியே உன்கிட்ட இருந்துச்சா?"