ஒரே நம்பரில் பதினொரு வயல்

நெல் வெட்டும் மெஷின்களை வாடகைக்கு விடுகிற கடையொன்றில் எனக்கு வேலை. கடை முரசுமோட்டையில், வீதியோரம். முதலாளி முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர். அவர் மெஷின்களோடு திரிவார், நான் மேசையோடு இருப்பேன். காலபோக நெல்லுக்கு அருவி வெட்டு, அதாவது அறுவடை, தொடங்கினால் எந்த வயலுக்கு எந்த நாள் மெஷின் போகும் என்று எழுதிவைப்பது என் பொறுப்பு.

அதைப் பல வருடமாக ஒரு கொப்பியில்தான் எழுதினேன். 'வாய்க்கால் வளைவு, இரண்டு ஏக்கர், கோபக்காரர்' என்று எழுதியிருந்தால் ஆளும் வயலும் கோபமும் எனக்கு ஒன்றாக நினைவுக்கு வரும். வேறு எவருக்கும் வராது.

"நீர் ஒரு கிழமை காய்ச்சலில படுத்தா ரெண்டு மெஷினும் ரோட்டில படுக்கணும்," என்றார் முதலாளி. கொம்பியூட்டர் வந்தது.

அதைப் பழக்க வவுனியாவிலிருந்து ஒரு இளம்பெண் வந்தார். குறுக்கே போகிற வரிசை ஒரு ஆள், மேலிருந்து கீழே இறங்குவது ஒரு விசயம் என்றார். ஊருக்கு ஒரு கட்டம், ஏக்கருக்கு ஒரு கட்டம், திகதிக்கு ஒரு கட்டம்.

"கோபத்துக்கு?"

"அதுக்குக் கட்டம் இல்லை அங்கிள். ஆனா ஒவ்வொரு ஆளுக்கும், வேற ஒருத்தருக்கும் இல்லாத ஒண்டு வேணும். அதை வைச்சுத்தான் இது ஆளை அடையாளம் பிடிக்கும். அடையாள அட்டை நம்பரைப் போடுவமோ?"

அந்த நம்பரைக் கேட்கிறவனைக் கண்டால் எங்கள் சனம் ஒரு அடி பின்னால் போகும். போன் நம்பர் போதும் என்றேன்.

"ஒரு நம்பரை ரெண்டு பேர் தரமாட்டினமோ? நாங்களே ஒண்டு, ரெண்டு எண்டு இலக்கம் குடுத்தா நல்லம்."

"இதென்ன பள்ளிக்கூடமோ பிள்ளை? இந்தக் காலத்தில ஆரிட்டப் போன் இல்லை?"

ஒன்றும் விளங்காதவனுக்கு வருகிற துணிவோடு சொன்னேன். அவரும் பாவம், வயதுக்கு மரியாதை கொடுத்தார்.

மார்கழியில் ஒரு காலை, ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் பதினொரு பேர் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் ஏறி ஒன்றாக வந்தார்கள். முதலில் நின்ற அம்மாவுக்குத் தன் போன் நம்பர் பாடமில்லை. போனும் வீட்டில். அவர் கடைச் சுவரில் பெரிதாக எழுதியிருந்த எங்கள் மேசைப் போன் நம்பரைக் காட்டி, "அதையே போடுங்கோ தம்பி. நீங்கள் எப்பவும் எடுப்பியள்தானே," என்றார்.

அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் எப்போதும் எடுப்போம்தான். பின்னால் நின்றவர்களுக்கும் அது பிடித்துப் போயிற்று. "எனக்கும் அதையே போடுங்கோ."

இரண்டாவது ஆளின் விவரத்தை அடித்தவுடன் திரையில் ஒரு பெட்டி எழும்பியது. இந்த நம்பர் ஏற்கெனவே இருக்கிறது, பழையதின் இடத்தில் புதியதைப் போடவா என்று இங்கிலிசில் கேட்டது. நான் பாதி வாசித்தேன். பதிவு செய்கிற எவன் எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லிப் பழகியவன் நான். ஓம் என்பதை அமத்தினேன். பத்துத் தரம் கேட்டது. பத்துத் தரமும் அமத்தினேன். நல்ல மரியாதையான சாமான் என்று நினைத்தேன்.

தையில் வெட்டு தொடங்கியது. அந்த வாய்க்கால்காரருக்கு ஒரு நாள் முன்னமே சொல்லிவிடுவோம் என்று பட்டியலைத் திறந்தால், அங்கே கடைசியாகப் பதிந்த ஒரே ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். மற்றவர்கள் வேறு பக்கத்தில் இருப்பார்களாக்கும் என்று, என் கைப்போனிலிருந்து அவருக்கு அடித்தேன். மேசைப் போன் மணியடித்தது. அதை எடுத்து, "கொஞ்சம் பொறுங்கோ, மற்றப் போனில ஒரு ஆளைப் பிடிக்கிறன்," என்றேன். கைப்போனிலும் யாரோ அதையே சொன்னார். இரண்டு பக்கமும் பொறுத்தோம். கடைசியில் நான்தான் கோபித்துக்கொண்டு வைத்தேன்.

மூன்றாவது தரம் அடித்தபோதுதான், அது எங்கள் சொந்த நம்பர், மற்றப் பத்துப் பேரும் அதற்குள் அழிந்துபோனார்கள் என்று விளங்கியது. மேசைக்குக் கீழே குனிந்து வயரை ஆட்டிப் பார்த்தேன், பத்துப் பேரும் அதற்குள் சிக்கியிருப்பார்கள் என்பது போல.

குனிந்திருந்தபோதே ஒரு குரல் கேட்டது. "தம்பி, நாளைக்கும் நாளையிண்டைக்கும் எங்கட வாய்க்காலுக்கு எண்டனீங்கள். மெஷின் வருமோ?"

அந்தப் பதினொரு பேரில் ஒருவர். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். அவருடையது இரண்டு ஏக்கர் பள்ளக்காணி. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை இறங்கினால் அதில் மெஷின் இறங்காது, நெல் படுத்துவிடும்.

வரும் என்று சொல்ல வழியில்லை. ஏனென்றால் பட்டியலில் ஒரு ஆள்தான், அவர் பொறுப்பார் என்று நம்பி, முதலாளி நாளை விடியவே இரண்டு மெஷினையும் புதுக்குடியிருப்புக்கு ஏற்றுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

முதலில் வவுனியாவுக்கு அடித்தேன். இந்த முறை எடுத்தது நானில்லை, அந்தப் பிள்ளைதான்.

"ஒவ்வொரு வெள்ளியும் பட்டியலைப் பென் டிரைவில கொப்பி எடுக்கச் சொன்னனே அங்கிள்?"

எடுத்தேன். ஒரு வெள்ளி தவறவில்லை. எடுத்துச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறும் பூசியிருந்தேன். அதைச் செருகி, உள்ளே இருப்பதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

"அங்கிள், திரையில கிடக்கிற சின்னப் படத்தைத்தான் கொப்பி பண்ணியிருக்கிறியள். வீட்டை விட்டிட்டு வீட்டு நம்பர்ப் பலகையைக் கழட்டிக்கொண்டு போன மாதிரி."

பிறகு முதலாளி. "ஒரு சின்னப் பிரச்சினை."

"உம்மட சின்னப் பிரச்சினை எத்தனை ஏக்கர்?"

"தெரியாது முதலாளி. அதுதான் பிரச்சினை."

இவ்வளவும் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்த அக்கா, ஒரு கடதாசி எடுக்கச் சொன்னார். பெட்டியில் வந்தவர்கள் எந்த ஒழுங்கில் இறங்கி வரிசையில் நின்றார்கள், யாருக்கு எத்தனை ஏக்கர், யாருடைய வரம்பு யாருடையதை முட்டும் என்று ஒன்றும் விடாமல் சொன்னார். பதினொரு வரி. அதைப் போனில் வாசித்தேன். முதலாளி பெருமூச்சு விட்டார். ஒரு மெஷினை மறித்து, புதுக்குடியிருப்புக்காரரிடம் தானே ஏச்சு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

கடதாசியில் அக்கா தன்னை ஆறாவதாகச் சொல்லியிருந்தார்.

"அக்கா, உங்கட பள்ளக்காணி. முதலாவதாப் போடுறன். ஆருக்குத் தெரியும்?"

"வரிசையில நிண்ட எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

ஆறாவதாகவே போட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் ஐந்தாவது வயல் முடிந்து மெஷின் அவருடைய வரம்பில் ஏறியபோது மழை பிடித்தது. மேட்டுப் பக்கம் ஒரு ஏக்கரை வெட்டிவிட்டார்கள். பள்ளத்தில் இறங்கிய மெஷினின் சங்கிலிச் சக்கரம் புதைந்தது. இன்னொரு தரம் இறக்கினால் மெஷினையே விட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று சாரதி கையை விரித்தார்.

அக்கா சேலையைச் செருகிக்கொண்டு அரிவாளோடு இறங்கினார். வெட்டு முடித்த ஐந்து வயல்காரரும் இறங்கினார்கள். பிறகு வெட்டாதவர்களும். என் பிழைக்கு நானும் ஒரு அரிவாள் வாங்கி இறங்கினேன். மூன்று பிடி வெட்டுவதற்குள் என் செருப்பு சேற்றில் போயிற்று, அதைத் தேடியதில் நின்ற நெல்லையும் மிதித்துவிட்டேன்.

இருட்டுவதற்குள் மிச்ச நெல்லில் முக்கால்வாசி மேட்டுக்கு ஏறியது. மூலையில் கொஞ்சம் தண்ணீருக்குள் போனது போனதுதான். நான் அக்காவுக்குப் பக்கத்தில் போய், அந்த மூலையின் நட்டம் என் கணக்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தம்பி," என்றார், "முதல்ல என்ர நெல்லில இருந்து காலை எடுங்கோ. கரையில போய் உங்களுக்குத் தெரிஞ்ச வேலை ஏதாவது செய்யுங்கோ."

வரம்பில் ஏறி நின்றேன். அது எந்த வேலை என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.