ஓரத்துக்கு வந்ததும் நிற்கும் டிஸ்க்

ஸ்டுடியோவின் பின்னறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை டிஸ்க்கில் ஏற்றித் தருவது அவள் வேலை. தெருவே அவளை டிஸ்க் அக்கா என்றுதான் கூப்பிடும். சாயங்காலம் ஆனால் இடுப்பு அவளுடையதாகவே இருக்காது. அன்று கணினியை அணைக்கப் போன நேரத்தில், பஸ் டிரைவரின் மனைவி மூன்றாவது தடவையாக மகளின் அதே கல்யாண வீடியோவோடு வந்து நின்றாள்.

"பொண்ணு கார்ல ஏறப்போற இடத்துல நின்னுடுதும்மா. மனுஷன் ஆஸ்பத்திரியில கிடந்து கல்யாணத்தையே பாக்கல. கடைசி வரைக்கும் பாத்தாகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

"இங்க நல்லாத்தானே ஓடுது," என்றார் முதலாளி, தலையைத் தூக்காமல். "உங்க பிளேயரைத் தூக்கிக் குப்பையில போடுங்க."

"அவரையும் சேத்துப் போட்டுடவா? ரெண்டும் ஒரே நிலைமையிலதான் இருக்கு."

டிஸ்க் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை. டிஸ்க்கில் படம் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போகும். பிளேயர் பழசானால் அதன் லென்ஸ் ஓரத்தில்தான் தடுமாறும். வேகத்தைக் குறைத்து ஏற்றிப் பார்த்தாயிற்று. இனி ஒரே வழி, படத்தை இரண்டாக வெட்டி இரண்டு டிஸ்க்கில் போடுவது. அப்போது எதுவும் ஓரம் வரை போகாது. அவள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸும் போய்விடும்தான். என்ன செய்வது, மறுபடி கணினியைப் போட்டாள்.

முடிந்ததும் டிரைவர் வீட்டுக்கு அவளே கூடப் போனாள். இந்த அம்மாள் இன்னொரு தடவை வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கும் சக்தி அவளுக்கு இல்லை.

டிரைவர் தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். "வாம்மா. உன் டிஸ்க்குக்கு என் பொண்ணை அனுப்ப மனசே வரல போல. எனக்கும் அப்படித்தான்."

"அப்புறம் எதுக்கு என்னை நாயா அலைய விட்டீங்க?" என்றாள் மனைவி.

இரண்டாவது டிஸ்க்கைப் போட்டார்கள். பிளேயர் முனகியது, பிறகு படம் வந்தது. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. நிற்காமல் தாண்டியது. பெண் காருக்குள் ஒரு காலை வைத்தாள்; உடனே எடுத்துக்கொண்டாள். திரும்பி நின்று கூட்டம் முழுவதையும் பார்த்தாள்.

"யாரைத் தேடுறா?"

"உங்களைத்தான். அன்னிக்கே சொன்னேன்ல."

"சொன்னே. நீ எதையும் ரெண்டு மடங்காக்கித்தானே சொல்லுவே."

கார் போய்விட்டது. திரை நீலமானது. டிஸ்க் அக்கா செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தாள். இன்னொரு தடவை போடச் சொல்வார் என்று நினைத்தாள், அவர் கேட்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

"அவளுக்குப் போனைப் போடு."

"இப்ப சமையல்ல இருப்பா."

"இருக்கட்டும். அடுப்பை அணைச்சிட்டு வரச் சொல்லு."